உருவம் மாறும் கால்வாயும் உள்ளே போகும் மருந்தும்

நாகர்கோவில் வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ பல் பிடுங்கப் போயிருப்பவர்களுக்கு லிக்னோகெய்ன் என்ற மருந்தைத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாவிட்டாலும் அந்த ஊசியைத் தெரியும். ஈறில் போட்ட சில நிமிடங்களில் உதடும் கன்னமும் தடித்ததுபோல ஆகிவிடும். பல்லை ஆட்டிப் பிடுங்குவது தெரியும், வலி தெரியாது. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கிய மருந்து இது. இன்றைக்கும் உலகம் முழுக்கப் பல் மருத்துவர்கள் கையில் இருக்கிறது.

இதே லிக்னோகெய்ன் பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இருக்கும். மாரடைப்பு வந்தவருக்கு இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கினால், இரத்தக்குழாய் வழியாக இதைக் கொடுப்பதுண்டு. நரம்பை மரத்துப்போகச் செய்கிற மருந்து இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது. அப்படியானால் இதயமே நின்றுவிட வேண்டாமா? மூளை ஓய்ந்துபோக வேண்டாமா? சரியான அளவில் கொடுத்தால் அப்படி நடப்பதில்லை. தாறுமாறாகத் துடிக்கிற பகுதியைத்தான் அது அதிகமாகப் பிடிக்கிறது, ஒழுங்காகத் துடிக்கிற பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது.

மருந்துக்குக் கண் கிடையாது. இது நோயுள்ள இடம், இது நோயில்லாத இடம் என்று அது எப்படிப் பிரித்துப் பார்க்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் கடந்த ஐம்பது ஆண்டுகளாக உடலியங்கியலும் வேதியியலும் கணிதமும் சேர்ந்து வேலை செய்துகொண்டிருக்கின்றன. நானும் அந்தத் துறையில் கணக்குப் போடுகிறவன். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்திருக்கிறேன்.

நம் நரம்பும் இதயத் தசையும் மின்சாரத்தால் வேலை செய்கின்றன. வீட்டுக் கம்பியில் ஓடுவது எலக்ட்ரான். உடம்பில் ஓடுவது உப்பிலிருந்து வருகிற சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள், அதாவது மின்சுமை ஏறிய அணுக்கள். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது, அயனி அதை ஊடுருவ முடியாது. ஆகவே சவ்வில் புரதத்தால் ஆன நுண்ணிய துவாரங்கள் பதிந்திருக்கின்றன. அவைதான் அயனிக் கால்வாய்கள். சோடியத்துக்குத் தனி, பொட்டாசியத்துக்குத் தனி, கால்சியத்துக்குத் தனி.

இந்தக் கால்வாய் சும்மா ஒரு குழாய் இல்லை. அது தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். சோடியம் கால்வாயை எடுத்துக்கொள்வோம். சவ்வின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எழுபது, தொண்ணூறு மில்லிவோல்ட் குறைவாக இருக்கும்போது அது மூடிக்கொண்டிருக்கும். அதை ஓய்வு நிலை என்போம். மின்னழுத்தம் உயர்ந்தால் புரதத்தின் ஒரு பகுதி மேல்நோக்கி நகர்ந்து வாயிலைத் திறந்துவிடும். அது திறந்த நிலை. இந்த நிலை ஆயிரத்தில் ஓரிரு பங்கு விநாடிதான் நீடிக்கும். உடனே கால்வாயின் இன்னொரு பகுதி உட்புறமிருந்து வந்து அணைந்து ஓட்டத்தை நிறுத்திவிடும். இது முடங்கிய நிலை. இதுவும் ஓட்டமில்லாத நிலைதான், ஆனால் ஓய்வு நிலை அல்ல. மின்னழுத்தம் பழையபடி இறங்கிச் சிறிது நேரம் கழிந்தால்தான் கால்வாய் மறுபடி ஓய்வுக்குத் திரும்பும், அதன் பிறகுதான் அடுத்த முறை திறக்கும்.

இதையெல்லாம் முதலில் கண்டுகொண்டது கணவாய் மீனின் தயவில். நம் குளச்சல், முட்டம் கரைகளில் வலையில் வருகிற கணவாய்க்கு உறவான ஒரு வகைதான். அதன் உடலில் ஒரு நரம்பு இழை அரை மில்லிமீட்டருக்கு மேல் பருமனாக இருக்கும், உள்ளேயே மின்முனையைச் செருகலாம். இங்கிலாந்தில் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி இருவரும் அதில் அளந்து, நரம்பின் மின் துடிப்பைச் சமன்பாடுகளாக 1952இல் வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அந்த நேரத்தில் கிடைக்காததால், ஹக்ஸ்லி கையால் சுற்றுகிற ஒரு கணக்கு இயந்திரத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து அந்தத் துடிப்பைக் கணக்கிட்டார். வந்த வளைகோடு கணவாய் நரம்பில் அளந்ததோடு ஒத்துப்போனது. 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. கால்வாய் என்ற புரதத்தை அப்போது யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. வெறும் மின்னோட்டத்தை அளந்து, கணக்குப் போட்டு, உள்ளே இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இந்தத் துறையின் மேல் மரியாதை வந்தது அந்தக் கட்டுரைகளைப் படித்துத்தான்.

அடுத்து மருந்து. 1960களின் இறுதியில் கிளே ஆம்ஸ்ட்ராங் என்பவர் அதே கணவாய் நரம்புக்குள் ஒரு வேதிப்பொருளைச் செலுத்திப் பார்த்தார். பொட்டாசியம் கால்வாயை அடைக்கிற பொருள் அது. கால்வாய் மூடியிருக்கும்போது அந்தப் பொருள் எவ்வளவு நேரம் அருகில் இருந்தாலும் ஒன்றும் ஆகவில்லை. கால்வாய் திறந்ததும் உள்ளே போய் அடைத்தது. மறுபடி வாயில் மூடிக்கொண்டால், சில பொருள்கள் உள்ளேயே சிக்கிக்கொண்டன. அடுத்த முறை திறந்தால்தான் வெளியே வந்தன.

மணக்குடியில் பழையாறு கடலோடு சேருகிற பொழிமுகத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வேனலில் மணல் திட்டு ஏறிப் பொழி மூடிக்கொள்ளும். வெளியே நிற்கிற வள்ளம் உள்ளே வர முடியாது, உள்ளே நிற்கிற வள்ளம் கடலுக்குப் போக முடியாது. மழை வெள்ளம் வந்து பொழி முறியும்போதுதான் இரண்டும் நடக்கும். காயலுக்குள் எத்தனை வள்ளம் இருக்கும் என்று கேட்டால், கடற்கரையில் எத்தனை வள்ளம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பொழி எப்போது திறந்தது, எத்தனை நாள் திறந்திருந்தது, கடைசியாக எப்போது மூடியது என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

மருந்தும் அப்படியே. இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்ற ஒரே எண்ணை வைத்து, எத்தனை கால்வாய் அடைபடும் என்று சொல்லிவிட முடியாது. கல்லூரியில் நமக்குச் சொல்லித்தருவது பூட்டும் சாவியும் படம்தான். மருந்துக்கும் புரதத்துக்கும் ஒரு பிணைப்பு வலிமை, அதற்கு ஒரு எண், அவ்வளவே. உருவம் மாறாத புரதத்துக்கு அது போதும். அயனிக் கால்வாய்க்கு அந்த ஒரே எண் போதாது. எந்த நிலையில் எவ்வளவு வலிமை என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி எண் வேண்டும்.

1977இல் பெர்ட்டில் ஹில்லே இதைத் தெளிவாக எழுதினார். அதே ஆண்டில் லூக் ஹோண்டெகெம், பெர்ட்ராம் காட்சுங் இருவரும் இதயத்துக்கு இதே கருத்தைத் தந்தார்கள். மருந்து ஒன்றுதான், அது அமரும் இடமும் ஒன்றுதான். ஆனால் கால்வாய் ஓய்வில் இருக்கும்போது அந்த இடம் மருந்தைத் தளர்வாகப் பிடிக்கும், முடங்கியிருக்கும்போது இறுக்கிப் பிடிக்கும்.

எவ்வளவு தளர்வு, எவ்வளவு இறுக்கம்? இதயத்துச் சோடியம் கால்வாயில் லிக்னோகெய்னை அளந்து புரூஸ் பீன், சார்லஸ் கோஹன், ரிச்சர்ட் சியென் மூவரும் 1983இல் கொடுத்த எண்கள் இவை. ஓய்வு நிலைக்குப் பாதி கால்வாய்களைப் பிடிக்க 440 மைக்ரோமோலார் செறிவு வேண்டும். முடங்கிய நிலைக்கு 10 மைக்ரோமோலார் போதும். நாற்பத்து நான்கு மடங்கு வித்தியாசம்!

கையில் பேப்பரும் பேனாவும் இருந்தால் என்னோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். இரத்தத்தில் மருந்து 10 மைக்ரோமோலார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாக் கால்வாயும் ஓய்வில் இருந்தால் பிடிபடுவது 10ஐ 450ஆல் வகுத்தால் வருவது, அதாவது நூற்றுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல். எல்லாம் முடங்கியிருந்தால் 10ஐ 20ஆல் வகுக்க வேண்டும். நூற்றுக்கு ஐம்பது. மருந்து கூடவுமில்லை, குறையவுமில்லை. கால்வாயின் நிலை மட்டும்தான் மாறியது.

மாரடைப்பில் இரத்தம் போகாத தசைப்பகுதியில் என்ன நடக்கிறது? செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே சேருகிறது, சவ்வின் மின்னழுத்தம் ஏறிப்போகிறது, சோடியம் கால்வாய்களில் பெரும்பகுதி முடங்கிய நிலைக்குப் போய்விடுகிறது. பாதி முடங்கியிருந்தாலே மேலே சொன்ன கணக்கில் நூற்றுக்கு முப்பத்து நான்கு கால்வாய் அடைபடும். பக்கத்தில் இரத்தம் ஒழுங்காகப் பாய்கிற தசையில் இரண்டே இரண்டு. கண் இல்லாத மருந்து நோயுள்ள இடத்தைக் கண்டுகொள்வது இப்படித்தான்.

பல் ஊசிக்கும் இங்கே ஒரு செய்தி இருக்கிறது. சீழ் வைத்து வீங்கிய பல்லோடு போனால், “அம்மா, வீக்கம் வடியட்டும், அஞ்சு நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாங்க” என்று பல் டாக்டர் திருப்பி அனுப்புவதுண்டு. வீங்கிய இடத்தில் ஊசி சரியாகப் பிடிக்காது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். லிக்னோகெய்ன் மூலக்கூறு உடம்பில் இரண்டு வடிவில் இருக்கும், மின்சுமை உள்ளதாகவும் இல்லாததாகவும். மின்சுமை இல்லாததுதான் சவ்வைக் கடந்து நரம்புக்குள் போகும். சாதாரணத் திசுவில் ஏறத்தாழ கால் பங்கு அந்த வடிவில் இருக்கும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் அந்தக் கால் பங்கும் வெகுவாகக் குறைந்துவிடும். ஊசி பிடிக்காததற்கு அது ஒரு முக்கியக் காரணம். உள்ளே போன பிறகு பெரும்பகுதி மறுபடி மின்சுமை ஏற்றுக்கொண்டு, திறந்த வாயில் வழியாக உட்புறமிருந்து கால்வாய்க்குள் நுழையும். சவ்வின் கொழுப்பு வழியாகப் பக்கவாட்டில் நுழையும் இன்னொரு பாதையும் உண்டு என்று ஹில்லே அன்றே சொன்னார். பல ஆண்டுகள் கழித்துப் புரதத்தின் படம் கிடைத்தபோது, பக்கச் சுவரில் அப்படி ஒரு இடைவெளி இருப்பது தெரிந்தது.

நம் மாவட்டத்துக்குத் தெரிந்த வேறு இரண்டு நஞ்சுகளையும் சொல்லிவிடுகிறேன். பேத்தை மீன் வலையில் வந்தால் நம் கடற்கரை மக்கள் அதைச் சமைக்க மாட்டார்கள். பேத்தையில் இருக்கிற டெட்ரோடோடாக்சின் சோடியம் கால்வாயை வெளிப்பக்கமிருந்து அடைக்கிறது. கால்வாய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. சித்த வைத்தியர்கள் கையாளும் நாவி என்ற நச்சு வேர் நேர் எதிர். அதிலுள்ள அகோனிடின் திறந்த கால்வாயைத் தேடிப் பிடித்து, மூடவிடாமல் திறந்தபடியே வைத்துவிடும். இதயம் அடங்காமல் துடித்து ஆளைக் கொல்லும். நாவியைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று நம் வைத்தியர்கள் விடாப்பிடியாகச் சொல்வது மிகச் சரி. வேகவைக்கும்போது அகோனிடின் உடைந்து நஞ்சு குறைந்த பொருளாகிறது. ஒரே கால்வாய், இரண்டு நஞ்சு. ஒன்று எந்த நிலையிலும் வந்து அடைக்கிறது, மற்றது திறக்கும்வரை காத்திருக்கிறது.

சரி, இதை எப்படிக் கணக்காக்குவது?

ஒரு தாளில் வரிசையாக மூன்று பெட்டி வரையுங்கள். ஓய்வு, திறந்தது, முடங்கியது. அடுத்தடுத்த பெட்டிகளுக்கிடையே போகவும் வரவும் அம்புகள். ஒவ்வொரு அம்புக்கும் ஒரு வேகம். மின்னழுத்தம் மாறினால் அந்த வேகங்களும் மாறும். இப்போது அதற்குக் கீழே அதே மூன்று பெட்டிகளை இன்னொரு தடவை வரையுங்கள். இவை மருந்து பிடித்த கால்வாய்கள். மேல் பெட்டிக்கும் கீழ்ப் பெட்டிக்கும் இடையில் அம்புகள். கீழே போகிற அம்பு மருந்து பிடிக்கும் வேகம், மருந்தின் செறிவுக்கு ஏற்பக் கூடும். மேலே வருகிற அம்பு மருந்து விடும் வேகம். ஆறு பெட்டி, பதினான்கு அம்பு. பிளஸ் டூ வேதியியலில் படிக்கிற வினைவேகச் சமன்பாடுகள்தான் இவை. அந்த வகுப்பைத் தாண்டிய எந்தப் பிள்ளையும் எழுதிவிடலாம்.

ஆனால் அம்புகளுக்கு நம் இஷ்டத்துக்கு எண் போட முடியாது. பெட்டிகள் ஒரு சுற்றாக இணைந்திருக்கிற இடத்தில், வலமாகச் சுற்றும் வேகங்களின் பெருக்கலும் இடமாகச் சுற்றும் வேகங்களின் பெருக்கலும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கால்வாய் எந்த ஆற்றலும் செலவழிக்காமல் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும், இயற்கை அதை அனுமதிக்காது. இந்த விதியிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வரும். முடங்கிய நிலையை மருந்து 44 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது என்றால், மருந்து பிடித்த கால்வாய் ஓய்வைவிட முடங்கிய நிலையை விரும்புவதும், மருந்து பிடிக்காத கால்வாயோடு ஒப்பிட்டால், 44 மடங்கு கூடும். இரண்டையும் பிரிக்க முடியாது. உருவம் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று சொன்னால், மருந்தும் உருவத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இப்படிக் கணித மாதிரி எழுதும் மாணவர்கள் வழுக்கும் இடம் இதுதான், அதனால்தான் நிறுத்திச் சொல்கிறேன்.

எண்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து வர வேண்டும். எர்வின் நேஹர், பெர்ட் சாக்மன் இருவரும் 1976இல் தந்த பேட்ச் கிளாம்ப் முறையில், ஒரு கண்ணாடிக் குழாயின் நுனியைச் செல்லின் மேல் ஒட்டி, உள்ளே ஓடும் மின்னோட்டத்தை அளக்கிறார்கள். செல்லை ஓய்வில் வைத்துவிட்டு, ஒரு விநாடிக்குப் பல தடவை மின்னழுத்தத்தைத் தட்டி ஏற்றி இறக்குவார்கள். மருந்து இல்லாதபோது ஒவ்வொரு தட்டலுக்கும் திரையில் ஓடும் மின்னோட்டக் கோட்டில் ஒரே ஆழத்தில் ஒரு கூரிய பள்ளம் விழும். மருந்து சேர்த்த பிறகு முதல் தட்டலில் பள்ளம் கிட்டத்தட்ட பழைய ஆழத்திலேயே விழும். இரண்டாவதில் கொஞ்சம் குறையும், மூன்றாவதில் இன்னும் குறையும். போகப்போகப் படிக்கட்டுபோல இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். தட்டும் வேகத்தைக் கூட்டினால் இன்னும் கீழே இறங்கும். தட்டாமல் விட்டுவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் தட்டினால், பழைய ஆழம் திரும்பியிருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த அடைப்பு கூடுகிறது. அந்தப் படிக்கட்டின் இறக்கமும், திரும்பி ஏற ஆகும் நேரமும்தான் நம் அம்புகளுக்கு எண் தருகின்றன.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அது இன்றுவரை தீரவில்லை. முடங்கிய நிலையில் மருந்து இறுக்கமாகப் பிடிக்கிறது என்று ஒருவர் மாதிரி எழுதலாம். இறுக்கம் எல்லா நிலைக்கும் ஒன்றுதான், நுழையும் வழிதான் சில நிலைகளில் மூடியிருக்கிறது என்று இன்னொருவர் எழுதலாம். ஃபிராங்க் ஸ்டார்மரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1984இல் இந்த இரண்டாவது வகையை முன்வைத்தார்கள். ஒரே படிக்கட்டுக்கு இரண்டு மாதிரிகளும் நன்றாகவே பொருந்தும். பொருந்திவிட்டது என்பதாலேயே மாதிரி உண்மையாகிவிடாது. என் கருத்தில், எந்தச் சோதனையில் இரண்டும் வேறு வேறு பதில் சொல்லும் என்று தேடிக் கண்டுபிடித்து அந்தச் சோதனையைச் செய்கிறவர்தான் நல்ல மாதிரியாளர்.

இதெல்லாம் தாளில் போடும் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் காஸ்ட் என்ற பெயரில் 1987இல் ஒரு பெரிய மருத்துவச் சோதனை தொடங்கியது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு இதயத்தில் இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்பது அப்போதைய நம்பிக்கை. எங்கைனைட், ஃபிளெகைனைட் என்ற மருந்துகள் அந்தக் கூடுதல் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. அவையும் சோடியம் கால்வாயை அடைப்பவைதான். அந்த மருந்துகளைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் இறந்தது 26 பேர். 1989இல் அந்த மருந்துகளை அவசரமாக நிறுத்தினார்கள். துடிப்பு அடங்கியது, ஆள் போய்விட்டார். இந்த எண்களை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது, ஏனென்றால் அவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பம்.

லிக்னோகெய்னுக்கும் ஃபிளெகைனைடுக்கும் என்ன வேறுபாடு? விடுகிற வேகம். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி, அதில் ஏறக்குறைய அரை விநாடி இதயத்துக்கு ஓய்வு. லிக்னோகெய்ன் விடும் நேரத்தை 0.2 விநாடி அளவில் வைத்துக் கணக்கிட்டால், அந்த ஓய்வுக்குள் நூற்றில் 92 பங்கு கால்வாய்கள் விடுபட்டுவிடும். துடிப்பு 150க்கு ஏறி ஓய்வு 0.2 விநாடியாகச் சுருங்கினால் 63 பங்குதான் விடுபடும். அதாவது இதயம் வேகமாக ஓடும்போது மருந்து தானாகவே கூடுதலாக வேலை செய்கிறது. ஃபிளெகைனைட் விடுவதற்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். பதினைந்து என்று வைத்துக்கொண்டால், அரை விநாடி ஓய்வில் விடுபடுவது நூற்றில் மூன்றுதான். துடிப்புக்குத் துடிப்பு அடைப்பு சேர்ந்துகொண்டே போகும். ஒழுங்கான தசையிலும் மின் அலை மெதுவாகும். வடுப்பட்ட இதயத்தில் மெதுவான அலை சுற்றி வந்து தன்னையே பிடித்துக்கொள்ள வழி கிடைக்கும். கலிபோர்னியாவில் கொலீன் கிளான்சியின் குழு 2011இல் இந்த இரண்டு மருந்துகளையும் நிலைவாரியான மாதிரிகளாக எழுதி, இதயத் திசுவின் கணினி மாதிரியில் ஓட்டிக் காட்டியது. ஃபிளெகைனைட் ஆபத்தைக் கூட்டுவது அதில் தெரிந்தது. சோதனைக்கு முன்பே இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம்தான் என்னைப் போன்றவர்களை இந்த வேலையில் நிறுத்தி வைத்திருக்கிறது.

பொட்டாசியம் கால்வாயிலும் இதே கதை. இதயத்தில் ஹெர்க் என்ற கால்வாய் ஒவ்வொரு துடிப்பையும் முடித்துவைக்கிறது. அதன் உள்ளறை அகலமானது, எந்தெந்த மருந்தோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அலர்ஜிக்குக் கொடுத்த டெர்ஃபினடின் அப்படி உட்கார்ந்து, சிலருக்கு உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறை உண்டாக்கியது. எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் டெர்ஃபினடினை ஈரல் உடைப்பதை அது தடுத்துவிடும். 1990களின் பிற்பகுதியில் டெர்ஃபினடின் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. இதய மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மெடிக்கல் ஷாப்பில் போய், “காய்ச்சலுக்கு ஏதாவது ஆன்டிபயாட்டிக் குடுங்க” என்று வாங்கிக் கொடுக்காதீர்கள். என்னென்ன மாத்திரை ஓடுகிறது என்று சீட்டோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் ஹெர்க்கை அடைக்கிற எல்லா மருந்தும் கொடியது இல்லை. வெராபமில் என்ற இதய மருந்து ஹெர்க்கையும் அடைக்கும், கால்சியம் கால்வாயையும் அடைக்கும். ஒன்று ஒவ்வொரு மின் துடிப்பின் நேரத்தை நீட்டும், மற்றது குறைக்கும். அதனால் அந்த வகை ஆபத்து அதில் மிகக் குறைவு. ஹெர்க்கை மட்டும் பார்த்துக் கழித்திருந்தால் ஒரு நல்ல மருந்தை இழந்திருப்போம். இதை உணர்ந்துதான், மருந்துகளின் இந்த ஆபத்தை முன்கூட்டியே கணிக்க 2013இல் சீப்பா என்ற பன்னாட்டு முயற்சி தொடங்கியது. நூறுக்கு மேற்பட்ட மனித இதயங்களின் அளவீடுகளைக் கொண்டு 2011இல் வெளியான ஓஹாரா–ரூடி என்ற இதயச் செல் மாதிரியை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, மருந்து ஹெர்க்கின் உள்ளே சிக்கிக்கொள்வதையும் கணக்கில் சேர்த்தார்கள். பொழி மூடிய பிறகும் உள்ளே நிற்கிற வள்ளங்களை எண்ணுகிற வேலை அது.

இப்போது புரதத்தின் படங்களும் வந்துவிட்டன. ராடெரிக் மக்கின்னன் 1998இல் ஒரு பொட்டாசியம் கால்வாயின் அணு அமைப்பைக் காட்டினார். 2017இல் ஹெர்க்கின் படம் வந்தது. பிறகு இதயத்துச் சோடியம் கால்வாயும் வந்தது. படம் வந்துவிட்டதே, இனி மாதிரி எதற்கு என்று கேட்கிறார்கள். உறையவைத்து எடுக்கிற படத்தில் சவ்வின் மின்னழுத்தம் கிடையாது, ஓய்வு நிலையைப் பிடிப்பது பெரும்பாடு. அந்தப் படத்திலிருந்து அணு அணுவாகக் கணினியில் அசைத்துப் பார்க்கலாம்தான். அதில் ஓர் அடி என்பது 2 ஃபெம்டோ விநாடி; ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்குதான் ஃபெம்டோ விநாடி. ஒரு மில்லி விநாடியை நடத்திப் பார்க்க 50,000 கோடி அடி வேண்டும். கால்வாய் உருவம் மாறுவதும் மருந்து உள்ளே போய் வருவதும் அதைவிட மெதுவாகக்கூட நடக்கும். ஆகவே படத்திலிருந்து சில அம்புகளின் வேகத்தை மட்டும் கணக்கிட்டு எடுத்து, ஆறு பெட்டி மாதிரியில் போட்டு, அதை இதயத் திசுவின் மாதிரியில் போட்டு, கடைசியில் ஈசிஜி வரை கொண்டுபோகிறார்கள். அணுவில் தொடங்கி ஈசிஜி வரை ஒரே சங்கிலி. இன்னும் பல கண்ணிகள் பலவீனமாகத்தான் இருக்கின்றன. ஆனால் சங்கிலி உருவாகிவிட்டது.

2025 ஜனவரியில் அமெரிக்காவில் சுசெட்ரிஜின் என்ற வலி மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அபின் வகையைச் சேராத மருந்து. வலியை எடுத்துச் செல்லும் நரம்புகளில் இருக்கிற ஒரு வகைச் சோடியம் கால்வாயை மட்டும் பிடிக்கிறது. அது லிக்னோகெய்ன் போல நடுத்துளைக்குள் போய் அடைப்பதில்லை. கால்வாயின் ஓரத்தில், மின்னழுத்தத்தை உணர்கிற பகுதியில் ஒட்டிக்கொண்டு, கால்வாயை மூடிய நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. மின்னழுத்தத்தைப் பலமாகத் தட்டினால் பிடி கூடுவதற்குப் பதிலாகத் தளர்கிறது. லிக்னோகெய்னில் இறங்குகிற படிக்கட்டு இதில் ஏறும்.

கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களில் யாருக்காவது ஆர்வமிருந்தால், பெரிய கணினி எதுவும் வேண்டாம், கல்லூரி லேப்பில் இருக்கிற சாதாரண கணினியில் எக்செல் போதும். ஆறு பெட்டிகளுக்கு ஆறு பத்தி, ஒரு வரிக்கு நூறில் ஒரு பங்கு மில்லி விநாடி. 440, 10 என்ற இரண்டு எண்களையும் போட்டு, சுற்று விதியைச் சரிபார்த்துவிட்டு, துடிப்பை 60இல் வைத்து ஓட்டுங்கள், அப்புறம் 150இல் வைத்து ஓட்டுங்கள். அடுத்து மருந்து ஓய்வு நிலையை இறுக்கிப் பிடிப்பதாக எண்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். படிக்கட்டு எந்தப் பக்கம் போகிறது என்பதைத் திரையிலேயே பார்க்கலாம்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.